சுடலைமணியின் அரைச்சங்கு

தமிழுக்கு ஒரு புதுச் சொல்லைக் கொடுத்தவள் நான். கோத்தகிரி பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம் செய்கிறவர்களும், குன்னூர் ஏலத்தில் தேயிலை விலை சரியும்போது தலையில் கை வைக்கிறவர்களும், மஞ்சூர் ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்கிற டிரைவர்களும் இன்றைக்கு என் சொல்லைத்தான் சொல்கிறார்கள். கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அது போய்விட்டது.

சரி, கலெக்டர் ஆபீசுக்குப் போகவில்லை. மஞ்சூர் டிரைவர் என்று சொன்னது ஒரே ஒருவரை. அவரும் என் தங்கை மகன். சொல்லைப் பெற்றவளும் நானில்லை, கொழுந்து பறிக்கிற தபித்தாள் என்பவள். நான் தொட்டிலை ஆட்டினேன், அவ்வளவுதான். ஆனால் அரவேணுவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அந்தச் சொல் உயிரோடு நடமாடுகிறது என்பதில் மிகை இல்லை. போன வாரம் மருந்துக் கடையில் ஒரு பெண் தன் பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பையன் ஹாஸ்டல்ல இருந்து போன் வந்துச்சுங்க. எடுக்கறதுக்குள்ள நின்னு போச்சு. எனக்கு ஒரே அரைச்சங்கா ஆயிடுச்சு."

மருந்துக் கடைக்காரர் கோயமுத்தூரிலிருந்து புதிதாக வந்தவர். அது என்ன வியாதி, அதற்கு என்ன மாத்திரை என்று யோசித்தபடி நின்றார். நான்தான் விளக்கம் சொன்னேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் என் தலைமுடி நரைக்கும்வரை தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

பதற்றம் வந்தால் மனிதர் இங்கும் அங்கும் ஓடுவார். கிலி பிடித்தால் ஒளிந்துகொள்வார். பகீர் என்பது செய்தி காதில் விழுந்த பிறகு வருவது. அரைச்சங்கு இவற்றில் எதுவுமில்லை. செய்தி இன்னும் வரவில்லை. ஆனால் வரப்போகிறது என்பது வயிற்றுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் ஆள் ஓடவும் மாட்டார், ஒளியவும் மாட்டார். எடுத்த காலைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்பார். அப்படி நிற்பதும் சொல்லின் பொருளில் பாதி.

இது எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் கேட்டார். அதற்குச் சுடலைமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்றேன். அவர் கடையில் கூட்டம் இருந்தது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

சுடலைமணியின் தாத்தா காலத்தில் அவர்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தது. அவர் பிறந்தது இங்கேதான், எங்கள் பாலோடை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற கீழ் லைன் வீட்டில். ஒடிசலான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய காதுகள். தேயிலை உலர்த்துகிற அடுப்புக்கு விறகு போடுவது பாக்டரியில் அவர் வேலை. கூடவே சங்கு.

சங்கு என்றால் கோயில் சங்கு இல்லை. காலையில் வேலைக்குக் கூப்பிடவும், மத்தியானம் சோற்றுக்கு விடவும், சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பவும் ஊதுகிற பாக்டரிச் சங்கு. மற்றத் தோட்டங்களில் பொத்தானை அழுத்தினால் கரண்டில் ஊதும். எங்களுடையது கைச்சங்கு. யுத்தம் முடிந்த காலத்தில் யாரோ பழைய சாமான் ஏலத்தில் எடுத்து வந்தது. பாக்டரி வாசலில் சிமெண்டு மேடைமேல் இரும்புக் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். ஆட்டுக்கல் பருமன், ஒரு பக்கம் வாய், ஒரு பக்கம் கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளேயிருக்கும் சக்கரம் வேகமெடுத்து, முனகலில் ஆரம்பிக்கும் சத்தம் மலைக்கு மலை மோதி அலறும். கையை விட்டுவிட்டால் சக்கரம் தானாக அடங்கும். அலறல் இறங்கி அழுகையாகி, அழுகை கொட்டாவியாகி, கொட்டாவி காற்றோடு காற்றாகப் போய்விடும். அந்த இறக்கத்தைச் சங்கின் வால் என்போம்.

வேறு யார் சுற்றினாலும் வால் கட்டையாகத்தான் இருக்கும். சுடலைமணி சுற்றினால் நீண்டுகொண்டே போகும். அந்த வாலுக்குள் ஒருத்தி அரிசி கழுவி, உலை வைத்து, சோறு வடித்துவிடலாம் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. வடிக்க முடியாது. கழுவலாம்.

அவர் செய்ததெல்லாம் கைப்பிடியை விட்டபிறகு அங்கேயே நின்றதுதான். மற்றவர்கள் சுற்றி முடித்ததும் பீடிக்குப் போய்விடுவார்கள். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, சத்தத்தின் கடைசி நூல் அறுந்து விழும்வரை கேட்டுவிட்டுத்தான் மேடையைவிட்டு இறங்குவார். இடையில் மேனேஜர் வந்து குட்மார்னிங் சொன்னாலும் பதில் வாலுக்குப் பிறகுதான் வரும்.

எதையும் பாதியில் விடாத மனிதர். இது எங்கள் எஸ்டேட்டில் பெருமையாகவும் பேசப்பட்டது, கிண்டலாகவும் பேசப்பட்டது. வடை கட்டி வந்த காகிதத்தை எண்ணெயோடு தூக்கிப் பிடித்துக் கடைசி வரிவரை படிப்பார். கிழிந்த இடத்தில் செய்தி நின்றுவிட்டால் அன்று முழுக்க முகம் வாடியிருக்கும். உறவினரை வழியனுப்பக் குன்னூர் ஸ்டேஷனுக்குப் போனால், மலை ரயில் போய், அதன் புகையும் போய், அடுத்த ரயிலுக்கு ஆள் வந்து நிற்கும்வரை பிளாட்பாரத்தில் நிற்பார். இசக்கியம்மாவுக்குத் தாலி கட்டியபோது ஒரு முடிச்சு போட்டதும் அவருடைய அக்கா மற்றதைப் போடக் கையை நீட்டியிருக்கிறாள். இவர் விடவில்லை. மூன்றையும் தானே போட்டார். நாலாவதும் போட்டார் என்று நான் சொல்லித் திரிந்தேன். அது என் கைச்சரக்கு.

"ஏனுங்க, ஒரு வேலையை இப்படி இழுத்து இழுத்துச் செய்யறீங்களே, அலுப்பா இல்லீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். அப்போது பள்ளிக்கூடத்து வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அது அவர் வேலைகூட இல்லை. ஓர் ஓரம் குப்பையாக இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"பாதியில விட்டா ராத்திரி கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க டீச்சர்" என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தெரியாது அவருக்கு.

அவருடைய அந்த நீண்ட வாலை எஸ்டேட்டில் அதிகம் நம்பியது கொழுந்து பறிக்கிற பெண்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பாக்டரிக்கு நேர் எதிரே, ஒரு பள்ளத்தைத் தாண்டி, எதிர்மலைத் தோட்டம். கீழே ஓடை. மத்தியானம் பெண்கள் கொழுந்துக் கூடையோடு எதிர்மலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி, ஓடைப் பாலத்தைக் கடந்து, இந்தப் பக்கம் ஏறி, எடை போட்டுவிட்டுச் சோற்றுக்கு உட்காருவார்கள். முன்பெல்லாம் சங்கு முனகத் தொடங்கியதுமே பசியில் எல்லோரும் ஒன்றாக ஓடுவார்கள். ஒரு மழைக்காலத்தில் முன்னால் ஓடியவள் வழுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் அவள்மேல் விழ, ஒருத்திக்கு இடுப்பெலும்பு போயிற்று. அதிலிருந்து ஒரு கட்டுப்பாடு வந்தது. சங்கின் வால் முழுக்க அடங்கும்வரை யாரும் செடி வரிசையைவிட்டுக் காலெடுக்கக் கூடாது. மேஸ்திரி நல்லசாமி அதில் கறார். முந்துகிறவளுக்கு அரை நாள் கூலி போச்சு.

நாளடைவில் கட்டுப்பாடு பழக்கமாகிவிட்டது. வால் நீளும் நேரத்தில் பெண்கள் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கை உதறி இறுக்குவார்கள், கெண்டைக்காலில் ஏறிய அட்டைகளைப் புகையிலைத் தண்ணி தொட்டு உதிர்ப்பார்கள், கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்வார்கள். சுடலைமணி வாலில் எல்லா அட்டையையும் உதிர்த்துவிடலாம், வேறு ஆள் ஊதினால் ஒரு கால் அட்டையோடு போக வேண்டியதுதான் என்று தபித்தாள் சொல்வாள். தபித்தாள் பறிக்கிற கூட்டத்தில் பெரிய வாய்க்காரி. அவள் கிண்டல் செய்யாத ஆள் எஸ்டேட்டில் கிடையாது, என்னையும் சேர்த்து.

எழுபதுகள் முடியப்போகிற சமயம், ஐப்பசியில் மழை நிற்காமல் பெய்த வருஷம். அந்த மழை எத்தனை நாள் பெய்தது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் சொல்கிற கணக்கை நம்பவும் செய்யாதீர்கள். கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, ஒரு காலை மழை கொஞ்சம் விட்டதும் பெண்களை எதிர்மலைக்கு அனுப்பினார்கள். அதில் சுடலைமணியின் மனைவி இசக்கியம்மாவும் இருந்தாள். உச்சிப் பொழுதில் மூடுபனி பள்ளத்தை அடைத்திருந்தது. சுடலைமணி கம்பளியைப் போர்த்தியபடி மேடையேறிக் கைப்பிடியைப் பிடித்தார்.

சங்கு முனகியது, ஏறியது, உச்சிக்கு வந்து அலறியது. அப்போது காற்று அடித்துப் பனி ஒரு பக்கமாக விலகியிருக்கிறது. எதிர்மலையில் பாதைக்கு மேலே செங்குத்தான மேடு, அதன்மேல் சில்வர் ஓக் மரங்கள். அந்த மரங்களில் சில எழுந்து நின்றன என்று சுடலைமணி பின்னால் சொன்னார். நின்ற மரம் எப்படி எழுந்து நிற்கும்? அவருக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்திருக்கிற ஆட்கள் கிளம்புவதற்கு முன்னால் இடுப்பை நிமிர்த்துவார்களே, அப்படி என்றார். மரங்கள் சரிவில் இரண்டடி நடந்தன என்பது நான் சேர்த்தது.

பார்த்தது ஒரு கணம். மேட்டு மண் இளகிவிட்டது, பாதைமேல் சரியப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே பனி மூடிக்கொண்டது.

பெண்கள் இருந்த இடம் மேட்டுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து மேடு தெரியாது. கத்தினால் கேட்காது, ஆளை ஓட்டினாலும் அந்தப் பாதையில்தான் ஓட வேண்டும், அதற்குள் அவர்கள் பாதி வழி இறங்கியிருப்பார்கள். பள்ளத்தைத் தாண்டி அவர்களை எட்டக்கூடிய குரல் ஒன்றுதான் இருந்தது. அது அப்போது அவர் கையிலேயே அலறிக்கொண்டிருந்தது. அது வழக்கம்போல இறங்கி அடங்கினால் அவ்வளவு பேரும் காலெடுப்பார்கள்.

சுற்றிக்கொண்டே இருந்தாலும் கை ஓய்ந்ததும் வால் வந்துவிடும். வால் வரவே கூடாது. அதை அவர் யோசித்தாரா, கை யோசித்ததா, யாருக்கும் தெரியாது. போர்த்தியிருந்த கம்பளியை உருவிச் சுழன்றுகொண்டிருந்த சங்கின் வாய்க்குள் திணித்தார். சக்கரம் கம்பளியை இழுத்தது. கம்பளியோடு அவருடைய வலது கை விரல்களையும் இழுத்தது. சங்கு ஒரு விக்கலோடு செத்தது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் கேட்டது அந்த விக்கலைத்தான். பிள்ளைகள் சோற்றுத் தட்டைக் கையில் எடுத்திருந்தார்கள். வால் இல்லாத சங்கை அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஒரு தட்டுகூட அசையவில்லை. இரைச்சலுக்குப் பேர்போன என் வகுப்பில் ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது கேட்டது.

நான் மேடைக்கு ஓடினேன். டீமேக்கர் ராமகிருஷ்ணன், அதாவது பாக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிறவர், எனக்கு முன்னாலேயே அங்கே வந்திருந்தார். சுடலைமணி கையைச் சங்கின் வாயிலிருந்து உருவிக்கொண்டு, வேட்டியில் சுற்றிப் பிடித்திருந்தார். வேட்டி சிவந்துகொண்டிருந்தது. "மரம் எந்திரிச்சுதுங்க சார்" என்றார்.

ராமகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். வெள்ளைப் பனியைத் தவிர ஒன்றும் இல்லை. நல்ல மனிதர் அவர். விரல் நசுங்கிய வலியில் இந்த ஆள் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தார். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவர் கவலை நியாயமானது. மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது, பெண்கள் காலையிலிருந்து பட்டினி, சங்கு முடியாவிட்டால் அங்கேயே நனைந்துகொண்டு நிற்பார்கள். கம்பவுண்டரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, கம்பளியைப் பிடுங்கியெடுத்து மீதியைத் தானே சுற்றி முடித்துவிடலாம் என்று கைப்பிடியில் கை வைத்தார்.

சுடலைமணி ஓர் அடி முன்னால் வந்து சங்கின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். தூக்கத்தில் பிள்ளையைத் தழுவுகிற மாதிரி இடது கையால் அதைத் தழுவிக்கொண்டார்.

"இது மட்டும் முடிக்காமப் போகட்டும் சார்" என்றார்.

ராமகிருஷ்ணனுக்கு அந்த மனிதரைப் பல வருஷமாகத் தெரியும். வடைக் காகிதத்தையும் ரயில் புகையையும் தெரியும். மரம் எழுந்ததை நம்பாதவர் அந்த வாக்கியத்தை நம்பினார். கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அதே நேரம் எதிர்மலையில் நடந்ததை எனக்குச் சொன்னவர்கள் இருவர், இசக்கியம்மாவும் தபித்தாளும். இருவரும் சொன்னது ஒத்துப்போன இடத்தை மட்டும் எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை இது பெரிய அடக்கம்.

சங்கு கேட்டதும் வழக்கம்போல் கூடைகளை முதுகில் ஏற்றிப் படங்கை அவிழ்த்திருக்கிறார்கள். குனிந்து அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போது சத்தம் நின்றுபோனது. குனிந்தவர்கள் குனிந்தபடியே தலையைத் தூக்கி ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேஸ்திரி நல்லசாமிக்கு என்ன உத்தரவு கொடுப்பதென்று தெரியவில்லை. வால் அடங்கியபிறகு போகலாம் என்பது சட்டம். வாலே இல்லாத சங்குக்குச் சட்டத்தில் இடமில்லை. மிஷின் ரிப்பேராக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார்.

"ரிப்பேருதான். சங்கு செத்துப் போச்சு, நடங்கடி, சோறு ஆறுது" என்று தபித்தாள் முதல் ஆளாகப் பாதைப் பக்கம் திரும்பினாள். அவள் பின்னால் நாலைந்து பேர் திரும்பினார்கள்.

இசக்கியம்மா நகரவில்லை. "எங்கூட்டுக்காரரு இன்னும் முடிக்கலை" என்றாள்.

"உன் வூட்டுக்காரரு அடுப்படியில தூங்கிட்டாரோ என்னமோ."

"தூங்குனாலும் முடிச்சுப்போட்டுத்தான் தூங்குவாரு. அவரு முடிக்காத சங்குக்கு நான் காலெடுக்க மாட்டேன், அக்கா. நீங்க போறதுன்னா போங்க."

சிலர் சிரித்தார்கள். தாலியில் மூன்று முடிச்சையும் தானே போட்டவரின் பெண்டாட்டி அல்லவா என்று ஒருத்தி கேட்டாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. எல்லோருக்கும் அதே மனிதரைத் தெரியும். குழம்பில் மிதக்கிற கடைசிக் கடுகையும் விடாத ஆள் சங்கைப் பாதியில் விட்டிருக்கிறார் என்றால் அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும்? பாக்டரியில் தீயா? அவரே விழுந்துவிட்டாரா? யாருக்கும் தெரியவில்லை. தபித்தாள் பாதையின் விளிம்புவரை போனாள். காலைத் தூக்கினாள். வைக்கவில்லை.

"என்னமோ தெரியலைடி. அந்த அரைச்சங்கு வந்து என் வயித்துல நிக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து செடியோரம் நின்றுகொண்டாள்.

அந்தச் சொல் பிறந்த இடம் அதுதான், அட்டை மண்டிய ஒரு தேயிலை வரிசை.

மேடு இறங்கியது அதற்குப் பிறகு. இடிபோல் விழுந்தது என்று கதைகளில் எழுதுவார்கள். நான் கேட்டது வேறு. லாரியிலிருந்து ஈரக் கொழுந்து மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளினால் வருமே, அந்த மெத்தென்ற சத்தம்தான், நிற்காமல் நீண்ட நேரம். பிறகு ஈர மண்ணின் வாடை பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. பனியில் எதுவும் தெரியாததால் என்ன போயிற்று, யார் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. பாதை போய்விட்டது என்பது மட்டும் வாடையிலேயே தெரிந்தது. பெண்கள் அதன்மேல் இருந்தார்களா?

சுடலைமணி சங்கை விட்டு எழுந்து, கைகளைக் கட்ட முடியாமல், தலையை மட்டும் சாய்த்து நின்றார். சங்கின் வாலைக் கேட்கிறபோது நிற்பாரே, அதே நிலை. அந்தப் பெரிய காதுகளை ஆண்டவன் எதற்குக் கொடுத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எங்களுக்கு எல்லாம் கேட்பதற்கு முன்னால் அவர் முகம் மாறியது. பிறகு எங்களுக்கும் கேட்டது, மெல்லிசாக, மேஸ்திரி நல்லசாமியின் விசில். விட்டு விட்டு, வரிசையில் நிற்கச் சொல்கிற விசில். நிற்கச் சொல்ல ஆட்கள் இருந்தால்தானே அந்த விசில் வரும்.

ராமகிருஷ்ணன் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் மலையின் மறுபக்கமாக ஏறி, ரோட்டைப் பிடித்து, அரவேணு வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்தது. எஸ்டேட்டில் இருந்த ஒரே ஜீப் அவர்களை ஏற்றி வரப் போயிற்று. அதனால் சுடலைமணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியில்லை. இருந்திருந்தாலும் ஏறியிருக்க மாட்டார். கம்பவுண்டர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நடையாக வந்து இறங்கியவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி நடையில் இசக்கியம்மா வந்தாள்.

"சோறு தின்னீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை."

அவள் கட்டைப் பார்த்தாள், சங்கின் வாயில் தொங்கிய கம்பளியைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். தபித்தாள்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள். அத்தனை வருஷக் கிண்டலுக்கும் சேர்த்து அன்றைக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டவளும் அவள்தான். அவர் கூச்சத்தில் காலை இழுக்க, அவள் சமாளிக்க முடியாமல் சேற்றில் உட்கார்ந்தாள். அதற்கு அவரையே திட்டினாள்.

மற்றதை நீங்களே ஊகிக்கலாம். அந்த மழை முடிவதற்குள் தபித்தாள் வாயிலிருந்து புறப்பட்ட சொல் லைன் வீடுகளுக்குப் போய்விட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால் அரைச்சங்கு, தந்திக்காரர் சைக்கிளை வாசலில் நிறுத்தினால் அரைச்சங்கு. நான் அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். வாக்கியத்தில் அமைத்துக் காட்டு என்று பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஒரு பெண் எழுதினாள்: டீச்சர் பரீட்சைப் பேப்பரோடு வந்தபோது எங்களுக்கு அரைச்சங்கானது. முழு மார்க் போட்டேன். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வேலைக்குப் போனபோது சொல்லையும் எடுத்துப் போனார்கள். தொட்டிலாட்டினேன் என்று சொன்னது இதைத்தான்.

எஸ்டேட்டில் பிறகு கரண்டுச் சங்கு வந்தது. அதற்கு வால் கிடையாது. சுடலைமணிக்குச் சங்கு வேலை போனாலும் அடுப்பு வேலை நிலைத்தது. வலது கையில் இரண்டு விரல்கள் கடைசிவரை நிமிரவில்லை. அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து, கடைசிப் பருக்கைவரை உருட்டித் தின்பதைப் பார்க்க நேரம் பிடிக்கும். பார்த்தவர்கள் யாரும் அவசரப்படுத்தியதில்லை. அவரைப் பார்த்து எழுந்து நின்றவர்களில் இரண்டு மேனேஜர்கள் உண்டு. மூன்று என்று எழுத ஆசை. ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்து, நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு எதிர்மலையில் நின்ற பெண்களில் உயிரோடிருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவரும் பாதியில் எழுந்து போகவில்லை.

வாழ்க்கையில் அவர் முடிக்காமல் விட்டது அந்த ஒரு சங்கைத்தான். அதற்கு அந்தப் பெண்கள் அத்தனை பேரும் அவர்கள் பிள்ளைகளும் சாட்சி.

இப்படி எழுதி முடித்துவிட்டு, இசக்கியம்மாவை வரச்சொல்லிப் படித்துக் காட்டினேன். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள். மரம் நடந்த இடத்தில் சிரித்தாள். தாலி முடிச்சில் முறைத்தாள். கடைசி வரி வந்ததும் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அது தப்புங்க டீச்சர்."

"எது?"

"முடிக்காம வுட்டாருன்னு எழுதியிருக்கறீங்களே, அது. அன்னைக்குச் சாயங்காலம் சங்கு கேட்டீங்களா இல்லீங்களா?"

கேட்டேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தோம். ஐந்து மணிச் சங்கு என்று நினைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்தேன்.

"அது அஞ்சு மணிச் சங்கு இல்லீங்க. மத்தியானச் சங்கோட மீதி. நீங்க எல்லாம் போனதும், ஜீப்பு டிரைவர் டீ குடிக்கப் போனாரு. இவரு என்னைக் கூப்பிட்டு, கம்பளியை அறுத்து எடுக்கச் சொன்னாரு. எடுத்தேன். சுத்துன்னாரு. சுத்துனேன். பக்கத்துலயே நின்னு, 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இப்ப வுடு'ன்னாரு. வுட்டேன். வால் அடங்கற வரைக்கும் ரெண்டு பேரும் நின்னு கேட்டோம். அதுக்கப்புறந்தானுங்க ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்புல ஏறுனாரு."

பட்டாணியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அஞ்சு மணிச் சங்கை யாரும் ஊதவே இல்லீங்க. அதையும் எழுதிக்குங்க."